முப்பத்துநான்கு பல் செயின்வீல்

மலையே இல்லாத ஊரில் மலை சைக்கிள் எதற்கு என்று என்னிடம் கேட்காத ஆள் மயிலாப்பூரில் குறைவு. ஆசிரியர் அறையில் என் பக்கத்து மேசைக்காரி, இருபது வருடமாகத் தமிழ் நடத்துபவள், என் கைபேசியில் சைக்கிள் ஃபிரேமின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்டி, உங்காத்துல லிஃப்ட்டே கிடையாது. அந்த முட்டி வலியை வச்சுண்டு ரெண்டு மாடி இதைத் தூக்கிண்டா போவே?" என்றாள். கீழேயே பூட்டி வைப்பேன் என்றேன். "சரி, மலைக்கு எங்கே போவே?" என்றாள். லஸ் முனையிலிருந்து மந்தைவெளி வரை மெட்ரோவுக்காகத் தோண்டி வைத்திருக்கிற சாலையில் ஒருமுறை போய்விட்டு வா, அப்புறம் பேசலாம் என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. உண்மையிலேயே ஒரு மலைக்குத்தான் போவதாக இருந்தேன்.

ஏலகிரி. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். என் தம்பியின் சைக்கிள் கூட்டம் வருடா வருடம் பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறும். பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது, விதி மட்டும் ஒன்று உண்டு. அடிவாரத்தில் மிதிக்க ஆரம்பித்தால் உச்சி வரை கால் தரையைத் தொடக் கூடாது. தண்ணீர் குடிக்க நின்றாலும் சரி, குரங்கு குறுக்கே வந்தாலும் சரி, கால் ஊன்றியவர் அந்த வருடம் ஏறியவர் கணக்கில் வர மாட்டார். போன வருடம் நான் சாதாரண சைக்கிளில், முன்கூடையைக் கழற்றி வைத்துவிட்டு, ரொம்ப நம்பிக்கையோடு போனேன். ஏழாவது வளைவில் இறங்கினேன். மீதி மலையை, பழமும் தண்ணீரும் ஏற்றி வந்த வேனில், வாழைத்தாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏறினேன். ஐம்பத்திரண்டு வயதில் வாழைத்தாரோடு சமமாக உட்கார்ந்து வந்ததை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

என் தம்பி என்னைவிட ஐந்து வயது இளையவன். திருவான்மியூரில் குடும்பத்தோடு இருக்கிறான், தரமணியில் ஒரு கணினி அலுவலகத்தில் வேலை. அந்த மலையில் ஐந்து வருடம் தொடர்ந்து கால் ஊன்றாமல் ஏறியவன் அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவன்தான். அதை அவன் தானாகச் சொல்ல மாட்டான். யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டான். நான் சாந்தோம் பக்கம் அப்பா அம்மா இருந்த ஃபிளாட்டிலேயே தனியாக இருக்கிறேன். கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் வழக்கம் இல்லை. கோபம் சீக்கிரம் வரும். பிள்ளைகள் அதற்காக எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், நல்ல பெயர்தான், ஆனாலும் இங்கே எழுத மாட்டேன்.

இந்த வருடம் ஏற வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அடையாறில் ஒரு எலும்பு மருத்துவர் என் வலது முட்டியின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். மே மாத விடுமுறையில் அறுவை சிகிச்சை. அதுவரை சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்டேன். "தாராளமா. ஆனா உக்காந்தே மிதிங்க, லேசா மிதிங்க. எழுந்து நின்னு மட்டும் மிதிக்காதீங்க" என்றார். மலை என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வெளியே வந்து மருந்துக் கடை வாசலில் நின்றபோது முடிவு செய்தேன். பிறந்தபோது கொண்டு வந்த முட்டியோடு அந்த மலையை ஒரே ஒரு தடவை ஏறிவிட வேண்டும். புது முட்டியில் ஆயிரம் மலை ஏறலாம், அது வேறு.

தம்பியிடம் சொன்னேன். ஏதாவது தடை சொல்வான், சண்டை போடலாம் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவன், "அப்போ சைக்கிள் கட்டணும்க்கா" என்றான், அவ்வளவுதான். கடையில் தயாராக இருக்கிற வண்டி எதுவும் எனக்குச் சரிவராது, நான் ஐந்தடி ஒரு அங்குலம், எல்லாம் ஆறடி ஆளுக்குச் செய்தது என்று அவனே ஒரு பழைய ஃபிரேமைப் பிடித்து வந்தான். அவன் அலுவலகத்தில் யாரோ ஊரை விட்டுப் போகிறபோது விட்டுச் சென்றது. கத்தரிப்பூ நிறம், சின்ன அளவு. அதை ஆட்டோவில் போட்டு மீர்சாகிப்பேட்டைக்குக் கொண்டு போனோம்.

அங்கே ஒரு பாய் கடை வைத்திருக்கிறார். என் வயதுதான் இருக்கும். வீட்டில் உருது, கடையில் சென்னைத் தமிழ். எவ்வளவு விலை உயர்ந்த சைக்கிளானாலும் அவர் கையில் வந்தால் ஒரே மரியாதைதான், தலைகீழாகத் தொங்கவிட்டுவிடுவார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பாகத்தையும் வாயால் நல்லது கெட்டது என்று சொல்ல மாட்டார். மாட்டிக் கொடுத்து, "பாலம் ஏத்தினு வாங்க" என்பார். அதாவது ஜெமினி மேம்பாலம். இந்த ஊரில் சைக்கிள்காரர்களுக்கு இருக்கிற மலை அதுதான். தென்சென்னையில் கொஞ்சம் கடினமாக வேண்டுமென்றால் இந்திரா நகர் யூ-டர்ன் மேம்பாலம், சுமாராகப் போதுமென்றால் அடையாறு பாலம். எங்கள் ஊர்க்காரர்கள் உடம்புக்கு எந்த கியர் சரி என்று சொல்வதே இந்தப் பாலங்களை வைத்துத்தான். 'அவன் ஜெமினியை மூணாவதுல ஏத்துவான்' என்றால் பெரிய ஆள் என்று அர்த்தம்.

முதலில் டயர் சண்டை. தம்பிக்கு அகலமான பட்டன் டயர் வேண்டும், நடுவிரல் தடிமனுக்குப் பட்டன் எழும்பி நிற்கிற மாதிரி. மலை சைக்கிள் என்றால் பார்க்கவும் அப்படி இருக்க வேண்டாமா என்றான். எனக்கு வழுவழுவென்று வேண்டும். ஏலகிரி தார்ச்சாலை, அதில் பட்டனுக்கு என்ன வேலை என்றேன். பாய் தம்பி கேட்டதையே மாட்டிக் கொடுத்து, "பாலம் ஏத்தினு வாங்க டீச்சர்" என்றார். கதீட்ரல் சாலையில் நான் போன சத்தத்துக்கு பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பி வந்ததும் பாய், "இன்னா டீச்சர், மாவு மில்லு ஓட்டிகினு வரீங்க?" என்றார். தம்பி முகம் சுண்டிவிட்டது.

கடைசியில் அவரே ஒன்றை எடுத்தார். நடுவில் பட்டன் தட்டையாக, நெருக்கமாக, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் எழும்பியது. அகலமும் நடுத்தரம். உள்ளே டியூப் கிடையாது, பஞ்சர் அடைக்கிற வெள்ளைப் பால் மட்டும் ஊற்றினார். தம்பி காற்றழுத்தத்தைக் கருவி வைத்து அளந்துகொண்டிருக்க, பாய் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "இன்னும் ரெண்டு அடி அடி" என்றார். தம்பி இரண்டு முறை பம்ப் அடித்து மறுபடி கருவியைப் பார்த்தான். அவன் மனதில் வைத்திருந்த எண்ணுக்கு வந்திருந்தது. அதற்குப் பிறகு அவன் அந்தக் கருவியைக் கடைக்கு எடுத்து வரவில்லை.

அந்த டயரோடு மெட்ரோ பள்ளங்களில் ஏறி இறங்கி வீட்டுக்குப் போனபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். மூன்று வருடமாக நான் திட்டிக்கொண்டே கடந்த தகடு, கம்பி, ஜல்லி எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. நான்தான் அவற்றின் மேல் மெத்தையில் போகிற மாதிரி போனேன். முன்ஃபோர்க்கில் இருக்கும் ஷாக் என் கைக்கு வர வேண்டிய அடியை எல்லாம் வாங்கிக்கொண்டது. ஒரு போக்குவரத்துக் காவலர் என்னைப் பார்த்து, "சூப்பர் மேடம்" என்றார். நான் தலையாட்டினேன். பள்ளி முதல்வரே என்னை அப்படிப் பாராட்டியது கிடையாது.

அடுத்து கியர். இங்கேதான் நான் புத்தி கெட்டுப் போனேன்.

கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன், பயப்பட வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். மிதிகட்டையோடு சேர்ந்த முன்பல்சக்கரம் செயின்வீல். பின்சக்கரத்தில் சின்னதும் பெரியதுமாக அடுக்கியிருப்பது ஃப்ரீவீல். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால், ஒருமுறை மிதித்தால் பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்று வரும். விடை சின்னதாக வர வர ஏற்றத்தில் மிதிப்பது சுலபம், ஆனால் அதிகத் தடவை மிதிக்க வேண்டும். தம்பியின் சைக்கிளில் முன்னால் இருபத்தெட்டுப் பல், பின்னால் பெரியது நாற்பத்திரண்டு. வகுத்தால் பூஜ்யம் புள்ளி ஆறு ஏழு. எனக்கு அவன் வாங்கி வைத்திருந்த ஃப்ரீவீலில் பெரியது ஐம்பது பல். முன்னாலும் இருபத்தெட்டே போடலாம் என்றான் அவன். வகுத்துப் பார்த்தேன். பூஜ்யம் புள்ளி ஐந்து ஆறு. அவனுடையதைவிட எவ்வளவோ லேசு.

"எதுக்கு எனக்கு மட்டும் சலுகை?" என்றேன்.

"சலுகை இல்லக்கா. முட்டிக்கு நல்லது."

"முப்பத்துநாலு போடு. முப்பத்துநாலை அம்பதால வகுத்தா புள்ளி ஆறு எட்டு. உன்னுதும் என்னுதும் கிட்டத்தட்ட ஒண்ணு. நீ ஏர்ற கியர்லதான் நானும் ஏறுவேன்."

அவன் பாயைப் பார்த்தான். பாய் முப்பத்துநான்கை எடுத்து மாட்டினார். இந்தத் தடவை ஜெமினி பாலம் போதாது என்று நானே சொன்னேன். மூன்று ஞாயிறு சர்ச்சில் காலைப் பூசை முடிந்து இந்திரா நகர் யூ-டர்ன் மேம்பாலத்தில் ஏறினேன், இறங்கினேன், ஏறினேன். ஒரு மூச்சில் பத்துத் தடவை. கடைசி ஞாயிறு கடைக்குப் போய், முப்பத்துநான்கு எனக்கு வெல்லம் மாதிரி இருக்கிறது என்று அறிவித்தேன். எழுபது மதிப்பெண் வாங்கிவிட்டு நூறு என்று வீட்டில் சொல்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் அந்த மாதிரிதான் நின்றிருப்பேன்.

பாய் என் சைக்கிளைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. வண்டிய வுட்டு எறங்கறப்ப வலது கால கீய வெக்கவே மாட்டேன்றீங்க. நோவுதா?"

"உங்க வேலை வண்டியப் பாக்கறது பாய். காலைப் பாக்க டாக்டர் இருக்காரு."

அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து முட்டியில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு படுத்திருந்தபோது, அந்த மனிதரிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனாலும் முப்பத்துநான்கு முப்பத்துநான்குதான்.

நான் செய்த தப்பு எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மேம்பாலத்தின் சரிவும் மலையின் சரிவும் ஏறக்குறைய ஒன்று என்று இணையத்தில் பார்த்துக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கணக்கு சரி. ஆனால் மேம்பாலம் முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும், பிறகு இறக்கம், முட்டி ஓய்வு எடுத்துக்கொள்ளும். மலையில் ஒன்றரை மணி நேரம் இறக்கமே கிடையாது. முப்பது வருடமாகக் கரும்பலகையில் நேரமும் தூரமும் சொல்லிக் கொடுக்கிறவள், நேரத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

கிளம்ப வேண்டிய சனிக்கிழமை காலை எனக்குப் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு. தம்பி வந்து என் சைக்கிளைக் காரின் பின்தாங்கியில் மாட்டிக்கொண்டு போனான், பாயிடம் பிரேக் ஒருமுறை காட்டிவிட்டு வருகிறேன் என்றான். மத்தியானம் பள்ளி வாசலிலேயே என்னை ஏற்றிக்கொண்டான். மாலைப் பூசையை ஜோலார்பேட்டையில் பார்த்தோம், ஞாயிற்றுக்கிழமைக் கடன் தீர்ந்தது. விடுதியில் இட்லி சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிட்டோம்.

மறுநாள் விடிந்ததும் அடிவாரத்தில் பதினோரு பேர் நின்றோம். தம்பி எப்போதும் முதல் ஆளாகக் கிளம்புவான். அன்றைக்கு, "நீ முன்னாடி போக்கா, நான் பின்னாடி வரேன்" என்றான். விழுந்தால் பிடிக்கத்தான் பின்னால் வருகிறான் என்று நினைத்துக்கொண்டு, அதற்கும் கொஞ்சம் கோபப்பட்டுவிட்டு, மிதிக்க ஆரம்பித்தேன்.

முதல் வளைவு தாண்டும்போதே ஏதோ சரியில்லை என்று காலுக்குத் தெரிந்தது. சரியில்லை என்றால் கஷ்டமில்லை, ரொம்பச் சுலபம். மிதி லேசாக, வேகமாகச் சுற்றியது. காற்று இதமாக இருப்பதால் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் எனக்கு ஒரு பழக்கம், எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பேன். படிகளை எண்ணுவேன், நடத்துநர் கிழிக்கிற டிக்கெட்டுகளை எண்ணுவேன். கடற்கரைச் சாலையில் இருநூறு மீட்டருக்கு இந்தச் சைக்கிளின் முதல் கியரில் நூற்று முப்பத்தைந்து மிதி என்று ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தேன். மலைச்சாலை ஓரத்திலும் இருநூறு மீட்டருக்கு ஒரு சின்னக் கல் இருக்கிறது. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எண்ணினேன். நூற்று அறுபத்தைந்து வந்தது. தப்பாக எண்ணிவிட்டேன் என்று அடுத்த கல் வரைக்கும் எண்ணினேன். நூற்று அறுபத்தாறு.

நூற்று முப்பத்தைந்தை முப்பத்துநான்கால் பெருக்கி நூற்று அறுபத்தைந்தால் வகுப்பது ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு செய்கிற வேலை இல்லை. இரண்டாவது வளைவு முடிவதற்குள் செய்துவிட்டேன். இருபத்தேழே முக்காலுக்கு மேல் வந்தது. பல்லில் முக்கால் பல் கிடையாது. இருபத்தெட்டு.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன். பிரேக்காம், காட்டிவிட்டு வருகிறானாம். என்னைக் கேட்காமல், எனக்குத் தெரியாமல், நான் வகுப்பில் நிற்கிற நேரத்தில் என் சைக்கிளின் செயின்வீலை மாற்றிவிட்டான். நோயாளி என்று முடிவு செய்துவிட்டான். கணக்கு டீச்சருக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது என்றும் முடிவு செய்துவிட்டான். அங்கேயே நிறுத்தி, அவன் வந்ததும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் நிறுத்தினால் கால் ஊன்ற வேண்டும். கால் ஊன்றினால் இந்த முட்டியோடு எனக்கு இருந்த ஒரே தடவையும் போய்விடும். வேறு வழியில்லை, மேலே போய்த்தான் திட்ட வேண்டும்.

அந்த மலையை நான் பக்தியில் ஏறவில்லை, மன உறுதியிலும் ஏறவில்லை. திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே ஏறினேன். ஐந்தாவது வளைவில் முதல் வாக்கியம் தயாரானது. ஏழாவது வளைவில், போன வருடம் நான் இறங்கிய சுவரைத் தாண்டினேன், தாண்டியதைத் தாண்டிய பிறகுதான் கவனித்தேன். ஒன்பதாவதில் முட்டி முனகத் தொடங்கியது. எழுந்து நின்று மிதிக்கலாமா என்று ஒரு ஆசை. இல்லை, உட்கார்ந்தே மிதித்தேன், சின்னச் சின்னதாக, காபிக்கொட்டை அரைக்கிற மாதிரி. பன்னிரண்டாவது வளைவில் மேலிருந்து ஒரு பஸ் இறங்கி வந்தது. ஓட்டுநர் வளைவுக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, "வாம்மா வா வா, நீ போயிடு" என்று கை காட்டினார். நன்றி சொல்ல மூச்சு இல்லை. பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை, பார்த்தால் சைக்கிள் ஆடும்.

பதினான்காவது வளைவு தாண்டி, சாலை சமமான இடத்தில் இறங்கினேன். வலது காலைத்தான் முதலில் ஊன்றினேன், வேண்டுமென்றே. என்னைச் சுற்றி வந்து யாரோ கை கொடுத்தார்கள், யாரோ ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்கள். நான் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து செயின்வீலைப் பார்த்தேன். ஒரு பல்லில் விரலால் கிரீஸைத் துடைத்து அடையாளம் வைத்து, மிதியைப் பின்னுக்குச் சுற்றி எண்ணினேன். இருபத்தெட்டு. ஆனால் அது புதிதில்லை. கறுப்புப் பூச்சு போய், பல்நுனிகள் எல்லாம் வெளுத்து, ஒரு பக்கம் கல் பட்டு உரசிய கோடு இருந்தது. அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். ஐந்து வருடமாக அது என் தம்பியின் சைக்கிளில் இருந்தது.

பழத்தை உரிக்கவில்லை. அவனுடைய இருபத்தெட்டு என்னிடம் இருந்தால், என்னுடைய முப்பத்துநான்கு எங்கே? முப்பத்துநான்கை நாற்பத்திரண்டால் வகுத்தேன். பூஜ்யம் புள்ளி எட்டு ஒன்று. அதை வைத்து இந்த மலையில் யாரும் ஏற முடியாது. கூட்டத்தில் பத்தாவதாக வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "உங்க பிரதர் பதினொண்ணுல நிக்கிறாரு, மேடம்" என்றார். பழத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். சைக்கிளைத் திருப்பி, வந்த வழியே இறங்கினேன்.

பதினொன்றாவது வளைவின் தடுப்புச் சுவரில் அவன் உட்கார்ந்திருந்தான். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. இரண்டு காலும் தரையில் இருந்தன. சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது, அதில் என் முப்பத்துநான்கு பளபளவென்று. அவனுடைய பழைய கறுத்த செயினின் நடுவில் நான்கு கண்ணி மட்டும் புதிதாக மின்னியது. பெரிய செயின்வீலுக்கு நீளம் பற்றாமல், என் செயினில் வெட்டிய துண்டை பாய் அவனுடையதில் சேர்த்திருக்கிறார்.

"ஏறிட்டியா?" என்றான்.

"ஏறிட்டேன்."

"கால் வெக்கல?"

"வெக்கல."

அவன் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்ததும் நான் ஐந்தாவது வளைவிலிருந்து சேர்த்து வைத்திருந்த அத்தனை வாக்கியமும் போய்விட்டது. "ஏன்டா இப்படிப் பண்ண? எனக்கு ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்க முடிந்தது.

"பாய்கிட்ட இருபத்தெட்டு ஸ்டாக் இல்லக்கா. ஆர்டர் போட்டா பத்து நாள்னாரு. என்னுது ஒண்ணுதான் இருந்துச்சு."

"அஞ்சு வருஷம்டா."

"எப்படியாவது ஏறிடலாம்னுதான் நெனச்சேன். பத்து வரைக்கும் வந்துட்டேன் தெரியுமா? பாய் வேணாம்னுதான் சொன்னாரு. 'நீ ஏற மாட்ட நைனா, ஆனா டீச்சர் ஏறிருவாங்க'ன்னாரு." அவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். "நீ எப்போ கண்டுபிடிச்ச?"

"ரெண்டாவது வளைவுல."

"அப்பவே ஏன் நிறுத்தல?"

"நிறுத்தினா கால் வெக்கணும்ல."

அவன் சத்தமாகச் சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் அழுகிறேன் என்று சொன்னேன். சரி என்றான். சின்ன வயதில் அவன் மண்டையை உடைத்துக்கொண்டு வந்தபோதும் நான் முதலில் ஒரு அடி கொடுத்துவிட்டுத்தான் அழுதேன், எனக்கு அந்த வரிசைதான் வரும். அன்றைக்கு அடிக்கவும் கை வரவில்லை. எனக்கு இந்த உலகத்தில் இருக்கிறவன் இவன் ஒருவன்தான் என்று அந்தச் சுவர் ஓரத்தில் நிற்கும்போது எனக்குத் தெரிந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கிண்டல் செய்தே கொன்றிருப்பான்.

"வேன்ல போய்க்கோ" என்றேன். "கீழேர்ந்து வந்துட்டுதான் இருக்கு."

"வாழைத்தாரோடவா? நான் நடந்தே வரேன்" என்று சைக்கிளை எடுத்துத் தள்ள ஆரம்பித்தான்.

நானும் ஏறி உட்கார்ந்தேன். முப்பத்துநான்கு பல் என்றால் அந்த ஏற்றத்தில் அவ்வளவு மெதுவாகப் போக முடியாது, நின்று விழ வேண்டியதுதான். இருபத்தெட்டில் முடியும். மீதி இருந்த மூன்று வளைவுக்கும் அவன் தள்ளிக்கொண்டு நடந்தான். நான் ஒரு சாண்கூட முந்தாமல், அவன் நடைக்குப் பக்கத்திலேயே மிதித்துக்கொண்டு போனேன்.